ஐந்தாம் நாள் முறைக்காரர்

நான் நேரில் கண்டவை, என் காதால் கேட்டவை, எழுத்து வடிவில் என்னிடம் இருப்பவை ஆகிய மூன்றுக்கு மட்டுமே இந்தக் கட்டுரையில் இடம் தருகிறேன். அதற்குக் காரணம் உண்டு. இந்தக் கட்டுரைக்கு உரியவர் இறந்து ஆண்டுகள் சில ஆகின்றன. அதற்குள் எங்கள் வாய்க்கால் ஊர்களில் அவரைப் பற்றி வழங்கும் செய்திகளில் பாதி நடக்காதவை. சிலர் அவரை மகானாக்கிவிட்டார்கள், சிலர் கோமாளியாக்கிவிட்டார்கள். இரண்டாம் கட்சியில் நான் நெடுங்காலம் இருந்தவன் ஆகையால், எனக்கு வசதியான பொய்களை விலக்குவதில் கூடுதல் கவனம் வேண்டியிருக்கிறது. அவர் பெயரை எழுதப்போவதில்லை. ஓர் உவமையும் எழுதப்போவதில்லை. உவமையால் கெட்ட ஒருவரை உவமை கொண்டு வருணிப்பது நேர்மையாகாது.

அவர் எங்கள் வாய்க்காலின் பாசன சங்கத்துக்குச் செயலாளர். சங்கத்துக்குத் தலைவரும் பொருளாளரும் இருந்தார்கள் என்பதற்குக் கையெழுத்துப் புத்தகத்தைத் தவிர வேறு சான்று இல்லை. வாய்க்கால் ஊர்கள் இருபது. அவற்றில் எந்த மதகு எந்தக் கிழமை திறக்கும், எது மூடும் என்பதை அவரே முடிவு செய்தார். துணிப்பை ஒன்று எப்போதும் தோளில் தொங்கும். அதில் தடித்த நாட்குறிப்பு ஒன்று இருக்கும். யாராவது எதிர்த்துப் பேசினால் அதை வெளியே எடுத்துப் பிரிக்காமல் மடியில் வைத்துக்கொள்வார். எதிர்த்தவர் குரல் தானே தாழும். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்ட ஒருவரையும் நான் கண்டதில்லை.

அவருடைய அறிவு முழுவதும் ஒரே கேள்வியில் அடங்கியிருந்தது. புதிதாக எது எதிர்ப்பட்டாலும், "இது எது மாதிரி?" என்று கேட்பார். யாராவது ஒன்றைச் சொல்லிவிட்டால், புதிய பொருளின் வேலை அந்தக் கணத்தோடு முடிந்தது. அதற்குப் பின் அவர் கொடுக்கல் வாங்கல் எல்லாம் அந்த 'மாதிரி'யோடுதான். பொருளை அவர் மறுபடி திரும்பிப் பார்க்க மாட்டார்.

அவருக்கு இரத்த அழுத்தம் இருப்பதாகத் தஞ்சாவூரில் ஒரு மருத்துவர் சொன்னார். இவர் வழக்கப்படி கேட்டார். வெளியே ஐம்பது பேர் காத்திருக்க, மருத்துவர் வாய்க்கு வந்த விடையாக, குழாயில் தண்ணீர் வேகமாக வருகிற மாதிரி என்று சொல்லியிருக்கிறார். அடுத்த வாரம் நான் கற்பித்த கல்லூரியின் வளாகத்தில் நடந்த இரத்த தான முகாமின் வரிசையில் இவர் நின்றார். நானே கண்டேன். செவிலியர் அழுத்தத்தை அளந்து பார்த்துத் திருப்பி அனுப்பிவிட்டார். மர நிழலில் என்னிடம் வந்து முறையிட்டார்.

"அழுத்தம் அதிகமா இருக்கு, எடுக்க முடியாதுங்கறாங்க. அழுத்தம் அதிகமா இருந்தாத்தானே வாத்தியாரே தொறந்துவிடணும்?"

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை, விடைக்குக் காத்திருந்தார். மருத்துவர் எழுதிக்கொடுத்த மாத்திரைகளை அவர் சாப்பிட்டாரா என்பது எனக்குத் தெரியாது. ஆகவே அதைப் பற்றி எழுதவில்லை.

நான் தஞ்சாவூரில் ஒரு கல்லூரியில் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றவன். என் அக்காள், தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கடைமடை ஊரில் வாழ்க்கைப்பட்டவள். கணவர் மறைந்த பின் ஒன்பது மா நிலத்தை, அதாவது மூன்று ஏக்கரை, தானே பயிர் செய்கிறாள். செயலாளருடைய பன்னிரண்டு மா நிலம் அவள் வயலுக்கு அடுத்த வரப்பு. அவளை முன்னிட்டுத்தான் அவர் எனக்குப் பழக்கமானார். என்னை 'வாத்தியாரே' என்று அழைப்பார். கல்லூரிப் பேராசிரியரை வாத்தியார் என்று அழைக்கலாகாது என்பதை இருமுறை குறிப்பாக உணர்த்தினேன். உணர்ந்ததற்கான அடையாளம் இல்லை.

சம்பா அறுவடைக்காலத்தில் எங்கள் பக்கத்தில் ஆள் கிடைக்காது, இயந்திரம்தான். வெளி மாவட்டங்களிலிருந்து லாரியில் ஏறி வந்து சாலையோரங்களில் நிற்கும். உரிமையாளரின் கைபேசி எண் தெரிந்தவர் வயலில் அது முதலில் இறங்கும். எண் தெரியாதவர் தரகரைத் தேட வேண்டும். செயலாளர் இரண்டு பருவங்கள் மோட்டார் சைக்கிளில் அலைந்து, நின்ற ஒவ்வொரு இயந்திரத்துக்கும் முன்னால் நிறுத்தி, உரிமையாளர் பெயர், எண், ஊர், டயர் வண்டியா, ஈர வயலிலும் இறங்கும் பெல்ட் வண்டியா என்பதெல்லாம் கேட்டு நாட்குறிப்பில் தம் கையால் எழுதினார். நூற்றுக்கு மேற்பட்ட பதிவுகள். அந்த ஒரு வேலையை அவர் ஒழுங்காகச் செய்தார். இதை மறைக்க எனக்கு உரிமை இல்லை.

அந்தப் பட்டியலை இணையத்தளமாக்கினால் எல்லாரும் தம் ஊர்ப் பெயரைக் கொடுத்துத் தேடிக்கொள்ளலாம் என்று சங்கத்தில் யாரோ சொன்னார்கள். பதிவுகளின் தமிழைத் திருத்த என்னை அழைத்தார்கள். தளம் அமைத்துக்கொடுக்க, மருத்துவக் கல்லூரிச் சாலையில் கணினி நிலையம் வைத்திருந்த ஒரு பெண்ணை நாடினோம். முப்பது வயதுக்குள் இருக்கும். தளத்தை எந்த வகை இடத்தில் குடிவைப்பது என்று முதலில் முடிவு செய்ய வேண்டும் என்றாள்.

"ஷேர்டுன்னு ஒண்ணு இருக்குங்க ஐயா. ஒரே கம்ப்யூட்டர்ல நிறைய தளங்க சேர்ந்து இருக்கும். மெமரி, வேகம் எல்லாம் பொது. ஒரே நேரத்துல இத்தனை பேர்தான் உள்ள வரலாம்னு ஒரு அளவு வச்சிருப்பாங்க. வி.பி.எஸ்.னு இன்னொண்ணு. அதே பெரிய கம்ப்யூட்டர்ல ஒரு பங்கை நமக்குன்னு பிரிச்சுக் குடுத்துடுவாங்க. அதை வேற யாரும் தொட முடியாது. ஆனா அதைப் பார்த்துக்கிற வேலை நம்மளோடது. சாதாரணமா ஒரு கடைத்தெருப் பட்டியலுக்கு ஷேர்டே போதும். உங்களோடது அப்படி இல்ல. பதினோரு மாசம் யாரும் வரமாட்டாங்க, தை மாசம் எல்லாரும் ஒரே காலையில வந்து தேடுவாங்க. போட்டோ வேற இருக்கு. வி.பி.எஸ். எடுத்துக்குங்க. நான் பார்த்துக்கறேன்."

என் வாழ்நாளில் நான் கேட்ட உரைநடைகளில் இதைவிடத் தெளிவானவை குறைவு. கூட்டவோ குறைக்கவோ ஒரு சொல் இல்லை. செயலாளர் பொறுமையாகக் கேட்டு முடித்து, "சரிம்மா. இது எது மாதிரி?" என்றார்.

அவள் என்னைப் பார்த்தாள். முப்பதாண்டுகள் அணியிலக்கணம் நடத்தியவன் நான். வாய் சும்மா இருக்கவில்லை.

"முதல்ல சொன்னது பொது வாய்க்கால். ரெண்டாவது சொந்த போர்வெல்" என்றேன்.

அவர் முகம் இறுகியது. கடைமடையில் ஆளாளுக்குப் போர் போட்டு இறைத்ததில் நிலத்தடி நீர் உப்பாகி, அவர் ஊரில் நான்கு கிணறுகள் கெட்டிருந்தன. போர் போடுகிறவர்களோடு அவர் பல ஆண்டுகள் மல்லுக்கட்டியவர். எனக்கு இது தெரியும். தெரிந்தும் அந்த உவமையைச் சொன்னேன். அது பொருத்தமாக வந்து விழுந்ததில் எனக்கு ஒரு மகிழ்ச்சி.

"போரே வேண்டாம். நாம தனியா இழுத்தா பக்கத்தவனுக்கு உப்புத் தண்ணி வரும். அந்தப் பாவம் சங்கத்துக்கு வேண்டாம். வாய்க்காலே இருக்கட்டும்."

"ஐயா, இதுல அப்படி இல்லீங்க. ஷேர்டுலதான் நாம இழுத்தா பக்கத்துத் தளம் படுத்துக்கும். வி.பி.எஸ்.ல யாருக்கும் தொந்தரவே இல்ல."

"போர் போடறவன் எல்லாரும் இதைத்தாம்மா சொல்லுவான்."

உவமையை நான் அப்போதே திரும்பப் பெற்றிருக்கலாம். பெறவில்லை. அடுத்து அவர், பொது இடத்தில் நமக்குப் பக்கத்து வயல்காரர் யார் என்று கேட்டார். அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு, தன் பொறுப்பில் அதே கணினியில் இருக்கும் தளங்களில் ஒன்று திருக்கடையூரில் ஒரு திருமண மண்டபத்தினுடையது என்றாள். நாட்குறிப்பை எடுத்து அதையும் எழுதிக்கொண்டார்.

தை பிறந்தது. தளம் திறந்த செய்தி இருபது ஊர்களின் கைபேசிகளுக்கும் ஒரே காலையில் போனது. எல்லாரும் ஒரே காலையில் திறந்தார்கள். அரை மணி நேரத்தில் தளம் விழுந்தது. வரம்பு மீறப்பட்டது என்ற ஒரு வரி மட்டும் திரையில் நின்றது. மண்டபத்தின் முன்பதிவுப் பக்கமும் அதோடு விழுந்தது. அந்தப் பெண் சொன்னபடியே இரண்டும் நடந்தன. மண்டபத்து மேலாளர் அவளை அழைத்து ஏசியிருக்கிறார். அவள் செயலாளரை அழைத்து, அரை நாள் கொடுங்கள், தனி இடத்துக்கு மாற்றிவிடுகிறேன் என்றாள். இவர் அதைக் காதில் வாங்கவில்லை. பக்கத்து வயல்காரரின் தண்ணீரை இழுத்துவிட்டோம் என்பது மட்டுமே அவருக்கு எட்டியிருந்தது. மறுநாள் என்னையும் இழுத்துக்கொண்டு, இரண்டு பேருந்து மாறி, ஒரு சீப்புப் பூவன் பழத்தோடு திருக்கடையூர் போனார்.

மண்டபத்து வாசலில் மாலையும் கழுத்துமாக மூன்று தம்பதியர் நின்றிருந்தார்கள். மேலாளர் எங்கள் நரையைப் பார்த்து எழுந்து நின்றார்.

"வாங்க, வாங்க. யாருக்குங்க அறுபது? ஐயாவுக்கா, இவங்களுக்கா?"

"யாருக்கும் இல்லீங்க. நாங்க உங்க பக்கத்து வயக்காரங்க."

"நமக்கு வயல் ஏதுங்க?"

செயலாளர் பழத்தை மேசையில் வைத்து, நேற்று உங்கள் பங்கை நாங்கள் இழுத்துவிட்டோம், மன்னிக்க வேண்டும், இனி உங்களுக்கு முகூர்த்த நாள், எங்களுக்கு மற்ற நாள் என்று முறை வைத்துக்கொள்ளலாம் என்றார். மேலாளர் என்னைப் பார்த்தார். உடன் வந்தவருக்குப் புத்தி சரிதானா என்று அந்தப் பார்வை கேட்டது. நான் சுவரில் இருந்த பலகையை, அறுபதுக்கு இன்னின்ன, எண்பதுக்கு இன்னின்ன என்று முழுதும் படித்தேன். காபி வந்தது. குடித்துவிட்டு எழுந்தோம். திரும்பும் பேருந்தில், "நல்ல மனுஷன். தகராறே பண்ணல" என்று செயலாளர் நிறைவோடு சொன்னார். அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்க எனக்கு வெட்கமாக இருந்தது. எழுந்து வேறு இருக்கைக்குப் போகலாமா என்று பார்த்தேன். இடம் இல்லை.

வெட்கக்கேடு அதோடு நிற்கவில்லை. தளத்தைப் பார்ப்பதற்கும் அவர் முறை வைத்தார். இருபது ஊர்களை ஐந்தாகப் பிரித்து, தலைமடையிலிருந்து தொடங்கி, பிரிவுக்கு ஒரு நாள். தம் கடைமடை ஊரை ஐந்தாம் நாளில் போட்டார். செயலாளர் ஊர் முன்னால் வந்தால் பேச்சு வரும் என்றார். அறிக்கை எழுதித் தரச் சொல்லி என்னிடம் வந்தார். வாய்க்காலில் வரும் தண்ணீருக்கு வைக்கும் முறையைக் கைபேசித் திரைக்கு வைக்கும் ஒருவருக்கு என்ன எழுதித் தருவது? ஏளனமாகவே எழுதினேன். அதன் நகல் இன்னும் என்னிடம் இருக்கிறது. கடைசி வாக்கியம் இது: "தமக்குரிய முறை நாள் அல்லாத நாளில் தளத்தைத் திறப்போர், பிறர்க்குரிய பங்கைத் தாம் உண்டவர் ஆவர்." அந்த ஏளனம் அவருக்கு உறைக்கிறதா என்று பார்த்தேன். இருமுறை படித்தார். "இதான் வாத்தியாரே எழுத்து" என்றார்.

அறிக்கை உரக்கடை வாசல்களிலும் கூட்டுறவு வங்கிச் சுவரிலும் ஒட்டப்பட்டது. இருபது ஊர்களும் அதற்குக் கட்டுப்பட்டன. நான் இதை எதிர்பார்க்கவில்லை. தளத்துக்குப் பூட்டு எதுவும் போடவில்லை. எந்த நாளும் எவரும் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. தளமும் விழவில்லை. இடத்தை மாற்றலாமா என்று கணினி நிலையத்துப் பெண் மறுபடி கேட்டபோது, "முறை ஓடிக்கிட்டிருக்கையில மதகை மாத்துவாங்களாம்மா?" என்று கேட்டு முடித்துவிட்டார். மூன்றாம் நாள் என் வீட்டுக்கு வந்து கைபேசியை நீட்டினார்.

"பாருங்க வாத்தியாரே. ஒரு தடவை படுக்கல."

உண்மைதான். திரை பளிச்சென்று நின்றது. ஆனால் அறுவடை இயந்திரம் ஓர் ஊரில் இறங்கினால், அந்த ஊர் முடியாமல் அடுத்த ஊருக்குக் கிளம்பாது. முதல் நாள்காரர்களும் இரண்டாம் நாள்காரர்களும் இயந்திரங்களைத் தலைமடைப் பக்கத்து மேலூர்களில் இறக்கிக்கொண்டிருந்தார்கள். தேடுகிறவர்களைக் குறைத்துத் தளத்தைக் காப்பாற்றினார்; தளம் எதற்காக வைக்கப்பட்டது என்பது அவர் நினைவிலேயே இல்லை.

நான்காம் நாள் காலை அக்காள் அழைத்தாள். நெல் பழுத்துத் தலை சாய்ந்துவிட்டது, கிழக்கே மேகம் கட்டுகிறது, நாளைக்குத் தாங்குமா தெரியவில்லை என்றாள். தளத்தைத் திறந்து எண்ணை எடுத்து உடனே பேசு என்றேன்.

"எப்படிடா தொறக்கறது? நாளைக்குத்தானே நம்ம முறை."

"அது ஒண்ணும் இல்லக்கா. தொற."

"அடுத்தவங்க பங்கைத் தின்னவங்க ஆயிடுவோம்னு நீதானேடா எழுதியிருக்க?"

"அது சும்மா எழுதினதுக்கா."

"சும்மாவா எழுதின?" என்றாள்.

நானே தளத்தைத் திறந்து எண்களை எடுத்தேன். ஏழு பேரை அழைத்தேன். ஏழு பேரும் மேலூர்களில் இருந்தார்கள். நாளை மாலைக்கு முன் இல்லை என்றார்கள். எட்டாமவரும் அதைத்தான் சொல்வார் என்று எண்ணி நிறுத்திக்கொண்டேன். பிற்பகல் மழை பிடித்தது. இரண்டு நாள் விடவில்லை. தண்ணீர் வடிந்து பெல்ட் வண்டி இறங்கும் நிலை வருவதற்குள் சாய்ந்த கதிர்கள் சேற்றில் கிடந்து முளைவிட்டன. அக்காளுக்கு வழக்கமான விளைச்சலில் பாதிகூடத் தேறவில்லை. அந்த ஆண்டு பொங்கலுக்குப் பிறகு வழக்கமாக அவளிடமிருந்து எனக்கு வரும் அரிசி மூட்டை வரவில்லை. நான் கேட்கவும் இல்லை.

செயலாளரின் பன்னிரண்டு மாவும் அவ்வாறே கிடந்தது. உண்மையைச் சொல்வதாக இருந்தால், அவர் முகத்தைப் பார்ப்பதற்காகவே ஊருக்குப் போனேன். வரப்பில் குந்தியிருந்தார். கதிர் ஒன்றைச் சேற்றிலிருந்து இழுத்து உள்ளங்கையில் வைத்திருந்தார். நெல்மணிகளில் வெள்ளையாக முளை நீண்டிருந்தது. ஒரு பருவம் முழுவதும் சேர்த்து வைத்திருந்ததை ஒரே வாக்கியத்தில் கொட்டினேன்.

"இது எது மாதிரிங்க?"

நான் குத்துகிறேன் என்று அவர் எடுத்துக்கொள்ளவில்லை. உண்மையாகவே கேட்பதாக எண்ணினார். வயலைப் பார்த்தார். கையில் இருந்ததைப் பார்த்தார். அவர் விடை தேடுவதை நான் முதன்முறையாகப் பார்த்தேன்.

"இது மாதிரி எதுவும் இல்ல வாத்தியாரே" என்றார்.

நான் உடனே தஞ்சாவூர் திரும்பிவிட்டேன்.

அடுத்த பருவத்துக்குத் தளத்தைத் தனி இடத்துக்கு மாற்றினார்கள். சங்கக் கூட்டத்தில் அந்தத் தீர்மானத்தைச் செயலாளரே கொண்டுவந்தார்; அப்போது எது மாதிரி என்று யாரையும் கேட்கவில்லை. நான் அங்கே இருந்தேன். தளம் அதன்பின் ஒரு தையிலும் விழவில்லை. அந்தப் பெண்தான் இன்றும் பார்த்துக்கொள்கிறாள்.

அவர் இறந்த பின் அவருடைய மகளிடம் கேட்டு அந்த நாட்குறிப்பை வாங்கிப் பார்த்தேன். தளத்தில் இருந்த பதிவுகள் அனைத்தும் அதில் மையால் எழுதப்பட்டிருக்கின்றன. நான் அழைக்காமல் விட்ட எட்டாமவரின் எண்ணும் அதில் உண்டு. அந்த எண்ணை இம்முறை அழைத்தேன். அந்த உரிமையாளரிடம் இருந்தது பெல்ட் வண்டி. நான்காம் நாள் நண்பகல் வரை அது கடைமடைக்கு அடுத்த ஊரில் வேலையின்றி நின்றதாக அவரே என்னிடம் சொன்னார். அந்தக் காலை எவரும் தம்மை அழைக்கவில்லை என்றும் சொன்னார். அதே காலையில் செயலாளர் மேகத்தைப் பார்த்தபடி வரப்பில் நின்றதையும், துணிப்பை அவர் தோளில் இருந்ததையும் என் அக்காள் கண்டிருக்கிறாள். அவள் அவரிடம் எதுவும் கேட்கவில்லை.

அந்தப் பையில் இருந்த எண்ணைப் பார்க்க இணையத்தளம் வேண்டியதில்லை, முறையும் வேண்டியதில்லை. இது அவருக்குத் தோன்றவில்லையா, தோன்றியும் தம் முறை நாள் வராமல் எடுக்கலாகாது என்று நின்றாரா என்பது தெரியவில்லை. அவர் உயிரோடு இருந்தபோது நான் கேட்கவில்லை.